வீட்டு வைஃபையில் மட்டும் ஒரு தளம் உள்ளே விடமாட்டேன் என்கிறது, மொபைல் டேட்டாவில் திறக்கிறது. என்ன செய்யலாம்?

பழைய_வால்வு:

வணக்கம். மூன்று வாரமாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். பழைய வால்வு ரேடியோக்களின் சர்க்யூட் படங்கள், சர்வீஸ் மேனுவல்கள் எல்லாம் சேர்த்து வைத்திருக்கும் ஒரு தளம் இருக்கிறது. யாரோ சில ஆர்வலர்கள் கைக்காசு போட்டு நடத்துவது. பெயர் வேண்டாம், அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. பத்து வருடமாகப் போய்வருகிற இடம். போன மாதம் தளத்தை மொத்தமாக மாற்றி அடுக்கினார்கள், பார்க்க நன்றாகவே இருந்தது, இரண்டு மூன்று நாள் ஒழுங்காக உள்ளே போய்வந்தேன். அப்புறம் ஒரு ராத்திரி திறந்தால் வெள்ளைப் பக்கம், மேலே கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில், தள உரிமையாளர் உங்கள் அணுகலைக் கட்டுப்படுத்தியிருக்கிறார் என்று. 503 என்று ஒரு எண்ணும் இருக்கிறது.

நான் செய்து பார்த்தவை: குக்கி, கேச் எல்லாம் துடைத்தேன். குரோமில் வரவில்லை என்று ஃபயர்ஃபாக்ஸ், அதிலும் இல்லை என்று எட்ஜ். டிஎன்எஸ்-ஐ (தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) 1.1.1.1 என்று மாற்றினேன், பிறகு 8.8.8.8. உலாவியையே நீக்கிவிட்டு மறுபடி போட்டேன், அதில் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகள் பாதி போனதுதான் மிச்சம். ஆன்டிவைரஸை அணைத்துப் பார்த்தேன். எதற்கும் மசியவில்லை. ஆனால் போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் போனால் ஒன்றுமே நடக்காத மாதிரி திறக்கிறது. வைஃபையைப் போட்டால் அதே போனில் அதே வெள்ளைப் பக்கம். அங்கே நான் ஒரு கருத்துகூட எழுதியதில்லை, யாரிடமும் சண்டை போட்டதில்லை. என்னை ஏன் தடுக்க வேண்டும்?

கம்பிமேல்காகம்:

விபிஎன் (வேறொரு ஐபி முகவரி வழியாக இணையத்தில் போகும் வசதி) போடுங்கள், ஐந்து நிமிட வேலை. இதற்கா மூன்று வாரம்?

அரைத்தூக்கம்:

ரவுட்டரை அணைத்து ஒரு பத்து நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்கள். ஐபி முகவரி மாறினால் திறந்துவிடும். எனக்கு ஒருமுறை அப்படித்தான் சரியானது.

நூல்கண்டு:

வால்வு ஐயா, நீங்கள் செய்த பரிசோதனைகளில் ஒன்றே ஒன்றுதான் உருப்படியானது, அதையும் கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள்: அதே போன், வைஃபையில் வராது, டேட்டாவில் வரும். அந்த ஒரு வரியிலேயே உலாவி, குக்கி, கேச், ஆன்டிவைரஸ் எல்லாம் கணக்கிலிருந்து விழுந்துவிட்டன. மாறியது நெட்வொர்க் மட்டும்தானே.

டிஎன்எஸ் மாற்றியது இன்னும் வீண். தடைச்செய்தி ஒரு பக்கமாக உங்கள் திரைக்கு வந்திருக்கிறது என்றால், பெயரை முகவரியாக மாற்றும் வேலை முடிந்து, இணைப்பும் கிடைத்து, சர்வரே உங்களைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. கதவைத் தட்டி, வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து வெளியே போ என்று சொன்ன பிறகு, தெருப் பெயர் சரிதானா என்று தேடுகிற கதை. டிஎன்எஸ்ஸில் கோளாறு என்றால் உலாவி தானே ஒரு பிழைப் பக்கம் காட்டும், அதில் என்எக்ஸ்டொமைன் (அப்படி ஒரு பெயரே இல்லை) என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். அல்லது அந்தப் பெயர் 127.0.0.1, 0.0.0.0 மாதிரி ஏதாவது குப்பை முகவரிக்குப் போகும் (விண்டோஸில் ஹோஸ்ட்ஸ் கோப்பில் யாராவது கைவைத்திருந்தாலும் இப்படி ஆகும், அதை யாரும் திறந்தே பார்ப்பதில்லை). வெகுநேரம் சுற்றிவிட்டு டைம்டு அவுட் என்று வந்தால் நடுவில் எங்கோ ஃபயர்வால் உங்கள் பொட்டலங்களைச் சத்தமில்லாமல் கீழே போடுகிறது. கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு என்று உடனே வந்தால் அங்கே எதுவோ முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் நிற்கும் சுவர். எந்தச் சுவர் என்று தெரியாமல் ஒரே நேரத்தில் ஏழெட்டு விஷயத்தை மாற்றினால், நாளைக்குத் தானாகத் திறந்தாலும் எதனால் திறந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

எண்களையும் கவனியுங்கள். 403 என்றால் உனக்கு அனுமதி இல்லை. 429 என்றால் அளவுக்கு மேல் கேட்கிறாய், கொஞ்சம் பொறு. பல சமயம் அதோடு எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்பதையும் சர்வர் சொல்லி அனுப்பும், உலாவி அதை நமக்குக் காட்டாது என்பது வேறு விஷயம். 451 என்பது சட்டக் காரணங்களுக்காகத் தடுத்தது, 2016-இல் முறைப்படி வந்த எண். 503 என்றால் உண்மையில் சர்வர் இப்போது வேலை செய்யும் நிலையில் இல்லை என்று பொருள், ஆனால் வேர்ட்பிரஸ் தளங்களில் போடும் வேர்ட்ஃபென்ஸ் போன்ற பாதுகாப்பு நீட்சிகள் தடைப் பக்கத்துக்கும் இதே எண்ணைத்தான் அனுப்பும். நீங்கள் சொல்லும் வாசகமும் அதனுடையது போலத்தான் இருக்கிறது. கிளவுட்ஃப்ளேர் (தளங்களுக்கு முன்னால் காவல் நிற்கும் சேவை) பக்கமாக இருந்தால் வேறு எண்கள்: 1006, 1007, 1008 என்றால் உங்கள் ஐபியைத் தள உரிமையாளர் தடுத்திருக்கிறார், 1009 என்றால் நாட்டையே, 1015 என்றால் வேகம் அதிகம், 1020 என்றால் ஏதோ ஒரு ஃபயர்வால் விதியில் மாட்டியிருக்கிறீர்கள்.

இரண்டு கேள்வி. ஒன்று, அந்த வெள்ளைப் பக்கத்தில் கீழே சின்ன எழுத்தில் காரணம் என்று ஒரு வரி இருக்கும், அது என்ன சொல்கிறது? இரண்டு, ரவுட்டரின் உள்பக்கத்தில் வான் ஐபி என்று ஒரு முகவரி காட்டும். அதையும், என் ஐபி என்ன என்று தேடினால் வெளித்தளங்கள் காட்டும் முகவரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றா?

பழைய_வால்வு:

அந்தச் சின்ன எழுத்தை நான் படிக்கவே இல்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ஒரு நிமிடத்துக்குள் வரம்புக்கு மேல் "பக்கம் இல்லை" பிழைகள் வந்ததால் தடுக்கப்பட்டது என்று அர்த்தம் வருகிறது. அதன் கீழே நேரம் போட்டிருக்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை, நான் இல்லாத பக்கத்தைத் தேடிப் போகவில்லையே, முகப்பைத்தானே திறக்கிறேன்.

இரண்டு முகவரியும் ஒன்றேதான்.

அரைத்தூக்கம் சொன்னபடி ரவுட்டரை அணைத்துப் போட்டேன். திறந்தது! கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இரண்டு மேனுவல் இறக்கினேன். மறுநாள் மாலை மறுபடி அதே வெள்ளைப் பக்கம்.

இன்னொன்று. பயத்தில் ஐபி கறுப்புப் பட்டியல் பார்க்கும் தளம் ஒன்றில் என் முகவரியைப் போட்டுப் பார்த்தேன், பெரிய பட்டியலில் ஒரு இடத்தில் சிவப்பு. ஸ்பாம்ஹவுஸ் பிபிஎல் என்று இருக்கிறது. என் வீட்டிலிருந்து யாராவது ஸ்பாம் அனுப்புகிறார்களா?

கம்பிமேல்காகம்:

அதுதான் காரணம், ஐபி கெட்டுப்போயிருக்கிறது. விபிஎன் போடுங்கள் என்று முதலிலேயே சொன்னேன்.

சர்வர்மாமா:

காகம், கொஞ்சம் கிளையில் உட்காருங்கள். பிபிஎல் என்பது குற்றப் பட்டியல் இல்லை. வீட்டு இணைப்புக்கு வழங்கும் மாறும் முகவரிகளிலிருந்து யாரும் நேரடியாக அஞ்சல் சர்வர் நடத்தக் கூடாது என்ற கொள்கைக்கான பட்டியல் அது. பெரும்பாலும் இணைய நிறுவனங்களே தங்கள் வீட்டு முகவரிகளை அதில் சேர்க்கச் சொல்லிக் கொடுக்கின்றன. இங்கே எழுதும் பாதிப் பேரின் முகவரி அதில் இருக்கும். மின்னஞ்சலை நேராக உங்கள் வீட்டிலிருந்து அனுப்பாதவரைக்கும் அதனால் ஒரு பாதகமும் இல்லை, ஒரு இணையதளம் திறக்காததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் எக்ஸ்பிஎல் என்ற பட்டியலில் சிவப்பு காட்டினால் மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள், அது மால்வேர் புகுந்த கருவிகளின் முகவரிகளுக்கானது.

நான் நாலைந்து சின்னத் தளங்களைப் பராமரிக்கிறேன், அதில் இரண்டு வேர்ட்பிரஸ். உங்கள் மாதிரி ஆட்களைத் தடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன், அதனால் அங்கிருந்து இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். ராத்திரி முழுக்க யாராவது தானியங்கி நிரல் வந்து இருக்கிற இல்லாத முகவரி எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். பழைய பேக்கப் கோப்பு கிடைக்குமா, அட்மின் பக்கம் திறந்திருக்கிறதா, ஓட்டையுள்ள பிளகின் ஏதாவது மாட்டுமா என்று. அவை தேடுவதில் தொண்ணூறு சதவீதம் என் சர்வரில் இருக்காது, அதனால் வரிசையாக 404, அதாவது "பக்கம் இல்லை" பிழை விழும். ஒரே ஐபியிலிருந்து ஒரு நிமிடத்தில் இத்தனை 404 வந்தால் தடு என்று ஒரு விதி போட்டுவிட்டால் இந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி ஒழியும். நல்ல விதிதான். ஆனால் அதற்கு முகம் தெரியாது. எண்ணிக்கை மட்டும்தான் தெரியும். அந்த முகவரியின் பின்னால் ஒரு திருடன் இருக்கிறானா, ரேடியோ ரிப்பேர் செய்பவர் இருக்கிறாரா என்று அது எப்படிப் பார்க்கும்?

நூல்கண்டு ஏன் இரண்டு முகவரியையும் ஒப்பிடச் சொன்னார் என்றால், ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி, அவற்றை உலக அளவில் பங்கிட்டுக் கொடுக்கும் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் பல இணைய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே வெளி முகவரியின் பின்னால் அடைத்து வைக்கின்றன. ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி தெரிந்தால் அந்தக் கூட்டுக்குடும்பத்தில் நீங்களும் ஒருவர், அதற்காகவே 2012-இல் ஒதுக்கிய வரிசை அது. அப்போது முன்பின் தெரியாத யாரோ செய்த சேட்டைக்கு நீங்கள் வெள்ளைப் பக்கம் பார்ப்பீர்கள். உங்களுக்கு அப்படி இல்லை, முகவரி உங்கள் வீட்டுக்கு மட்டும் சொந்தம். ரவுட்டரை மறுபடி போட்டதும் புது முகவரி வந்தது, திறந்தது, ஒரே நாளில் அதுவும் தடைபட்டது.

இதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் இருக்க முடியும், கேட்க நன்றாக இருக்காது. அந்தத் தளத்தை அடிப்பது உங்கள் வீட்டுக்குள் இருக்கும் ஏதோ ஒன்று.

அரைத்தூக்கம்:

ஐயோ. வைரஸா?

சர்வர்மாமா:

இருக்கலாம், ஆனால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. வைரஸ் ஒன்று உலகத்தில் இத்தனை தளங்களை விட்டுவிட்டு, இவர் பத்து வருடமாகப் போகும் ரேடியோ தளத்தைத் தேடிப் பிடித்து அடிப்பது ரொம்பத் தற்செயல். இவரோடு சம்பந்தப்பட்ட எதுவோதான். டவுன்லோடு மேனேஜரா, தளத்தை முழுக்க இறக்கி வைக்கும் நிரலா, செய்தியோடை படிக்கும் செயலியா. எது என்று இங்கிருந்தே ஊகிப்பதைவிட அவர்களிடமே கேட்பது சுலபம், ஏனென்றால் அவர்கள் சர்வர் லாகில் எல்லாம் எழுதியிருக்கிறது: எந்த நேரத்தில், எந்த முகவரியிலிருந்து, எந்தப் பக்கத்தை, எந்த உலாவியின் பெயரைச் சொல்லிக்கொண்டு கேட்டார்கள் என்பது வரை.

மொபைல் டேட்டாவில் தளத்தைத் திறந்து தொடர்பு முகவரியை எடுங்கள். அங்கே இல்லையென்றால் தளப் பெயரோடு வெப்மாஸ்டர் என்றோ அப்யூஸ் என்றோ முன்னால் சேர்த்து எழுதிப் பாருங்கள், 1997-லிருந்து இருக்கும் வழக்கம், இன்னும் சில இடங்களில் ஆள் இருக்கிறார்கள். ஹூயிஸில் (தளப் பெயர் யாருடையது என்று காட்டும் பதிவேடு) தேடி உரிமையாளரைப் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் விடுங்கள், இப்போது பெரும்பாலும் அங்கே எல்லாம் மறைத்துத்தான் இருக்கும்.

எழுதும்போது "உங்கள் தளம் வேலை செய்யவில்லை, உடனே சரிசெய்யவும்" என்று எழுதாதீர்கள். எனக்கு அப்படி வாரத்துக்கு நாலு வரும், என் பக்கத்தில் தளம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும், நான் என்ன செய்வேன்? உங்கள் வெளி ஐபி முகவரி வேண்டும் (192.168 என்று தொடங்குவதை அனுப்பிப் பயனில்லை, அது உங்கள் வீட்டுச் சுவருக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி). தடைப் பக்கத்தில் இருக்கும் காரணத்தை அப்படியே ஆங்கிலத்தில் நகல் எடுத்துப் போடுங்கள். நேரம் எழுதும்போது எந்த நேர மண்டலம் என்று சொல்லுங்கள், யுடிசி-யில் சொன்னால் ரொம்ப நல்லது, லாக் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். கிளவுட்ஃப்ளேர் பக்கமாக இருந்தால் ரே ஐடி என்று ஒரு நீள எண் இருக்கும், அது இருந்தால் தேடும் வேலையே இல்லை. அப்புறம் முக்கியமாக, தடையை நீக்குங்கள் என்பதோடு நிறுத்தாமல், என் முகவரியிலிருந்து எந்தப் பக்கங்கள் கேட்கப்பட்டன, யூசர் ஏஜென்ட் (உலாவி தன்னைப் பற்றிச் சொல்லும் வரி) என்ன என்று இரண்டு வரி லாக் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். தடையை மட்டும் நீக்கினால் மறுநாள் மாலை மறுபடி விழும்.

அதுவரை ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடாதீர்கள். நீங்கள் விட்டுவரும் பழைய முகவரி வேறு யாராவது ஒரு வீட்டுக்குப் போகும், தடையோடு சேர்த்து.

கம்பிமேல்காகம்:

இவ்வளவு கடிதப் போக்குவரத்து எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை. விபிஎன் போட்டால் வேறு ஐபி, முடிந்தது. தளம் திறக்க வேண்டும் என்பதுதானே கேள்வி.

நூல்கண்டு:

காகம், அவர் வீட்டுக்குள் எதுவோ மணி அடித்துக்கொண்டிருக்கிறது, நீங்கள் காதில் பஞ்சு வைக்கச் சொல்கிறீர்கள். அதோடு, விபிஎன் முகவரிகள் டேட்டா சென்டர் முகவரிகள், ஒன்றை ஆயிரம் பேர் பகிர்ந்துகொள்வது. பல தளங்கள் அவற்றை மொத்தமாகத் தடுத்து வைத்திருக்கின்றன அல்லது திறக்கும்போதெல்லாம் போக்குவரத்து விளக்கையும் பேருந்தையும் அடையாளம் காட்டச் சொல்லி உயிரை வாங்குகின்றன. தடை தெரிந்தும் சுற்றிவந்து நுழைந்தால் சில தளங்களில் கணக்கையே முடக்குவார்கள். எத்தனையோ பேருக்குத் தடைக்குக் காரணமே விபிஎன்தான், போட்டதை மறந்துவிட்டு ஏன் திறக்கவில்லை என்று கேட்பார்கள். ஓபரா உலாவியில் உள்ளேயே ஒன்று இருக்கிறது, ஆப்பிளில் ஐகிளவுட் பிரைவேட் ரிலே வேறு.

இலவச விபிஎன் என்றால் இன்னும் மோசம். 911 எஸ்5 என்று ஒரு பாட்நெட்டை (உரிமையாளருக்குத் தெரியாமல் வசப்படுத்திய கணினிகளின் கூட்டம்) 2024 மே மாதம் அமெரிக்க நீதித் துறை முடக்கியது. மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன் என்ற பெயர்களில் இலவச விபிஎன் கொடுத்து, அதைப் போட்டவர்களின் கணினி வழியே மற்றவர்களின் போக்குவரத்தை விலைக்கு விட்டார்கள், 1.9 கோடிக்கு மேல் ஐபி முகவரிகள். தன் முகவரியை மறைக்க நினைத்தவர் முகவரியில் ஊரான் திருடினான். வால்வு ஐயா, வீட்டில் யார் போனிலாவது இலவச விபிஎன், இலவசப் படம் காட்டும் பெட்டி மாதிரி ஏதாவது இருந்தால் அதை முதலில் கழற்றுங்கள், உங்கள் பிரச்சினைக்கு அது காரணமோ இல்லையோ.

கம்பிமேல்காகம்:

சரி, இலவசம் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். நான் காசு கட்டித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் நாட்டைப் பார்த்துத் தடுக்கிற தளங்களுக்கு வேறு என்ன வழி?

நூல்கண்டு:

அது நிஜமான கேள்வி. உண்மையாகவே உங்கள் நாட்டுக்கு இல்லை என்று முடிவு செய்திருந்தால் அது அவர்கள் முடிவு. ஆனால் பல சமயம் நீங்கள் இருக்கும் நாட்டையே தப்பாக எழுதி வைத்திருப்பார்கள். ஐபி-யை வைத்து இடம் சொல்லும் தரவுத்தளங்கள் ஊகம்தான். மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம், இடம் சரியாகத் தெரியாத அமெரிக்க முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்புள்ளி என்று ஒரு இடத்தைப் போட்டு வைத்திருந்தது. அந்தப் புள்ளி கான்சாஸில் ஒரு பண்ணை வீட்டின்மேல் விழுந்தது. 60 கோடிக்கு மேல் முகவரிகள் அந்த ஒரு வீட்டைக் காட்டின, திருட்டுப்போன போனைத் தேடுபவர்கள் முதல் போலீஸ் வரை வருடக்கணக்கில் அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள், 2016-இல்தான் விஷயம் வெளியே வந்தது. உங்கள் முகவரி தப்பான நாட்டைக் காட்டினால் அந்த நிறுவனத்துக்கே திருத்தம் அனுப்பலாம், படிவம் வைத்திருக்கிறார்கள். உடனே மாறாது, தளங்கள் தங்கள் பிரதியைப் புதுப்பிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

சரி, இது வால்வு ஐயாவின் இழை. ஐயா, பதில் வந்ததா?

பழைய_வால்வு:

வந்தது, நான்கு நாள் கழித்து. அருமையான மனிதர், இவ்வளவு விவரமாக யாரும் எழுதியதில்லை என்று சந்தோஷப்பட்டார் (எழுதச் சொல்லிக்கொடுத்தது சர்வர்மாமா என்று நான் சொல்லவில்லை). லாகில் முப்பது வரிக்கு மேல் வெட்டி அனுப்பியிருக்கிறார். தினமும் மாலையில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடங்குகிறது, ஒரே மூச்சில் நாற்பது பக்கம் கேட்கிறது, நாற்பதும் 404. கேட்ட பக்கங்கள் எல்லாம் எனக்குத் தெரிந்தவை! தளத்தை மாற்றி அடுக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு கம்பெனி ரேடியோவுக்கும் தனித்தனியாக இருந்த பழைய பட்டியல் பக்கங்கள். யூசர் ஏஜென்ட் என்று விண்டோஸ் என்டி 6.1, ஃபயர்ஃபாக்ஸ் 115 என்று இருக்கிறது. என் கணினியில் விண்டோஸ் 10. இதற்கு என்ன அர்த்தம்?

சர்வர்மாமா:

என்டி 6.1 என்றால் விண்டோஸ் 7. அதில் போடக்கூடிய கடைசி ஃபயர்ஃபாக்ஸ் வரிசைதான் 115. வீட்டில் விண்டோஸ் 7 வைத்த பழைய கணினி ஏதாவது மாலையில் மட்டும் திறக்கிறார்களா?

அதை எடுத்து ஃபயர்ஃபாக்ஸில் என்னென்ன எக்ஸ்டென்ஷன் இருக்கிறது என்று பாருங்கள். பக்கம் மாறினால் தெரிவிக்கும் வகையறா எதுவும் போட்டிருக்கிறீர்களா?

பழைய_வால்வு:

தலையில் அடித்துக்கொண்டேன். என் பழைய லேப்டாப், இப்போது மகள் பாடம் தட்டச்சு செய்ய மட்டும் வைத்திருக்கிறாள், மாலையில் திறந்து ராத்திரி மூடுவாள். ஐந்தாறு வருடத்துக்கு முன்னால், புது மேனுவல் ஏற்றினால் உடனே தெரிய வேண்டும் என்று நான்தான் அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டு நாற்பது பக்கங்களைக் கண்காணிக்க விட்டிருந்தேன், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. போட்டதே நினைவில் இல்லை. பக்கங்கள் இருந்தவரை அது பாட்டுக்குப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது, ஒருவருக்கும் தெரியவில்லை. தளத்தை மாற்றியதும் நாற்பதும் இல்லாமல் போய், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாற்பது தரம் இல்லாத கதவைத் தட்டியிருக்கிறது.

மகளிடம் கேட்டேன், மூலையில் ஏதோ சிவப்பாக 40 என்று எப்போதும் காட்டிக்கொண்டிருக்கும், அப்பா வைத்தது என்று விட்டுவிட்டேன் என்கிறாள்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. தளத்தை மாற்றிய பிறகு இரண்டு மூன்று நாள் எப்படி நன்றாக இருந்தது?

சர்வர்மாமா:

பழைய முகவரிகளிலிருந்து புதுப் பக்கங்களுக்குத் தற்காலிகமாகத் திருப்பிவிட்டு, பிறகு அதை எடுத்திருக்கலாம். அல்லது தளத்தை மாற்றி இரண்டு நாள் கழித்துத்தான் அந்தப் பாதுகாப்பு நீட்சியையே போட்டிருப்பார்கள். அல்லது அந்த இரண்டு நாள் உங்கள் மகள் பாடம் எழுதவில்லை.

பழைய_வால்வு:

மூன்றாவதுதான். பரீட்சை முடிந்து விடுமுறை.

எக்ஸ்டென்ஷனை நீக்கிவிட்டேன். அவரும் தடையை எடுத்துவிட்டார், மூன்று நாளாக மாலையிலும் திறக்கிறது. புதிதாக ஏற்றுபவை தெரிய ஆர்எஸ்எஸ் ஓடை (புதியவற்றின் பட்டியல்) இருக்கிறதாம், ஒரே ஒரு முகவரி, ஒரு மணிநேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று அனுப்பியிருக்கிறார். அதை என் கணினியில் போட்டிருக்கிறேன், லேப்டாப்பில் இல்லை. காகம் தம்பி, கோபம் வேண்டாம், உங்கள் யோசனைப்படி விபிஎன் போட்டிருந்தால் அந்த லேப்டாப் இன்னமும் தட்டிக்கொண்டேதான் இருந்திருக்கும்.

கம்பிமேல்காகம்:

கோபமெல்லாம் இல்லை அண்ணா. இதைப் படித்துவிட்டு என் பழைய டேப்லெட்டில் என்னென்ன ஓடுகிறது என்று பார்க்கப் போனேன், சார்ஜே ஏறவில்லை. அந்த மட்டில் தப்பித்தேன்.